ட்வைட் புல்வெளியில் நின்ற குண்டு

"தெம்பு இல்ல, மார்லிஸ். உன் குண்டுக்குத் தெம்பு இல்ல. அதான் மான்கிட்டப் போயி நின்னுருச்சு. இன்னும் எத்தன வாட்டிதான் சொல்றது?"

"நின்னுச்சு, சரி. விழுந்துச்சா?"

"அது வேற விஷயம்..."

"என்ன வேற விஷயம்? தெம்பு இல்லாதது கீழ விழும் ஓர்வில். மூணு வருஷமா அந்தரத்துல நிக்குதுன்னா அதுக்கு எவ்வளவு தெம்பு இருக்கணும்? உன் மருமகன் குண்ட ஒரே ஒரு நாள் அப்படி நிக்கச் சொல்லு, பாப்போம்."

வில்லோ பென்ட் தீவனக் கடையில், மாட்டுக்கு நக்கப் போடும் உப்புக் கட்டிகளுக்கும் காப்பிப் பாத்திரத்துக்கும் நடுவில் நின்று அண்ணனும் தங்கையும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பாட்டுக்கு ஓட்ஸ் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். மார்லிஸ் ட்வைட் சுட்ட குண்டு அவர்கள் குடும்பப் புல்வெளியில், நெஞ்சு உயரத்தில், சுழன்றபடி நின்றுகொண்டிருக்கிறது என்பதில் அமெரிக்காவின் மாண்டானாவிலுள்ள எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தகராறெல்லாம் அது ஏன் நின்றது என்பதில்தான்.

மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்போது பேருந்து நகர்ந்து அவள் வலது தோள் நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்கு முன்னால் ஊரில் எல்லோரையும் போல அவளும் வேட்டைக்கு முப்பது அளவுத் துப்பாக்கிதான் வைத்திருந்தாள். தோள் ஆறிய பிறகு அதைத் தூக்கி ஒரு தடவை சுட்டாள். அது உதைத்த உதையில் இரண்டாவது தடவை விசையைத் தொடுவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பெரிய குண்டைவிடக் கண்ணைத் திறந்துகொண்டு சுடுகிற சின்னக் குண்டு மேல் என்று முடிவு செய்து, அந்தத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இருநூற்றைம்பத்தேழு ராபர்ட்ஸ் ஒன்றை வாங்கினாள். பெயரில்தான் எண் பெரிது, குண்டு முப்பதைவிடச் சிறியது, கால் அங்குல அகலந்தான். சுண்டுவிரல் நுனியைவிட மெல்லிய குண்டு. சாதாரண மானுக்குப் போதும் என்பார்கள். இங்கே வேட்டையாடுகிற எல்க் மான் குதிரை அளவு. அதற்கு இது கொசுக்கடி என்று தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள். அவள் காது கொடுக்கவில்லை. கடையில் விற்கிற தோட்டாவை வாங்காமல், கராஜில் மேசை போட்டு, பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர் பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே நல்ல கனமான குண்டாகத் தேர்ந்தெடுத்து அழுத்தி, ஒவ்வொரு தோட்டாவையும் தன் கையாலேயே செய்துகொண்டாள். பெரிதாக இல்லாவிட்டால் சரியாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

ட்வைட் குடும்பத்துக்கு மலை மேல் ஒரு வேட்டை முகாம் உண்டு. கித்தான் கூடாரம், நடுவில் விறகு அடுப்பு, சுற்றி நான்கு கட்டில். ஐந்தாவது போட்டால் கித்தான் அடுப்பில் பட்டு எரியும். நான்கில் ஒன்று மார்லிஸுடையது. ஓர்விலின் மகள் டேரில் கோவாச் என்பவனைக் கட்டிக்கொண்டாள். டேரிலுக்குக் கட்டில் இல்லை. அவன் தன் லாரியிலேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தான். காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தோட்டா செய்கிறவர்கள் எல்லோரும் பின்பற்றுகிற ஒரு வழக்கம் உண்டு. மருந்து போடும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், போட்டதைத் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதியில் நிறுத்தியவன் கூட்டில் மருந்து போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு தடவை போட்டுவிடுவான், துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும் என்பதற்காக வந்த வழக்கம் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்டோபர் மாதத்தில், மார்லிஸ் தராசுத் தட்டைக் கையில் பிடித்திருந்தபோது ஓர்வில் கராஜ் வாசலில் வந்து நின்றார்.

"மார்லிஸ், இந்த வருஷம் உன் கட்டில..." என்று ஆரம்பித்தார்.

"தட்டு கையில இருக்கு. பேசாத."

ஓர்வில் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மார்லிஸ் மருந்தைக் கொட்டவில்லை. வந்த கோபத்தில் கையிலிருந்ததைக் கூட்டில் ஊற்றிக் குண்டை வைத்து அழுத்திவிட்டாள். எடை சரியாகத்தான் இருந்தது. எடையோடு சேர்ந்து அந்தப் பாதிப் பேச்சும் உள்ளே போய்விட்டது.

அந்த வருஷம் எல்க் வேட்டைப் பருவத்தின் கடைசி நாள் சாயங்காலம் புல்வெளி ஓரத்தில் ஒரு கொம்பன், ஆண் எல்க், தனியாக வந்து பக்கவாட்டில் நின்றது. இடது காதில் கிழிசல். மார்லிஸ் சுட்டாள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கொம்பன் விழவில்லை. பைனாகுலரில் பார்த்த ஓர்வில், குண்டு அதன் விலாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்று சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு பைனாகுலரைத் துடைத்து மறுபடி பார்த்தார். கொம்பன் தலையைத் திருப்பிக் குண்டை மோந்து பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

மறுநாள் வனவிலங்குக் காவலர் லூசில் பார் வந்தார். பருவம் முடிந்த பிறகும் குண்டு பறந்துகொண்டிருப்பது குற்றமா என்று ஓர்வில் கேட்டார். லூசில் குண்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சூரியன் மறைவதற்கு முன்னால், பருவத்துக்குள், அனுமதிச் சீட்டோடு சுட்டது, ஆகவே குற்றமில்லை, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார். யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு ஆரஞ்சுத் துணி கட்டிவிட்டுப் போனார். மான் விழுந்தால் கிழிக்க வேண்டிய அந்த வருஷச் சீட்டை மார்லிஸ் கிழிக்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

குண்டு நின்றது. பனி பெய்தபோது அதைச் சுற்றித் தட்டு அளவுக்குத் தரை தெரிந்தது, அவ்வளவு சூடு. வசந்தத்தில் புல் முதலில் அங்கே முளைத்தது. மாடுகள் அதன் கீழே படுத்து அசைபோட்டன. டேரில் ஒரு நாள் விளையாட்டாகத் தன் தொப்பியை அதன்மேல் மாட்டினான், தொப்பி பம்பரமாகச் சுற்றி வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. கோழித் தீவனம் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பது போல "குண்டு நிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஓர்வில் அந்தப் பாதிப் பேச்சை அதன்பிறகு முடிக்கவே இல்லை. அதற்குப் பதிலாகத் தோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கே பார்த்தாலும் தோட்டா. அளவு சிறிது, மருந்து குறைவு, தெம்பு இல்லை, காயம்பட்ட மானை முகாமே சேர்ந்து தேட வேண்டிவரும். கட்டிலைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஊருக்கே தெரியும். மார்லிஸுக்கும் தெரியும். ஆனால் அவர் தோட்டா என்றால் அவளும் தோட்டா என்றுதான் பதில் சொன்னாள். காயம்பட்ட மான் என்றதும் டேரிலின் முப்பது அளவு மேக்னம் என்ற பெரிய துப்பாக்கியைப் பேச்சில் இழுத்தாள். அவன் முந்தின வருஷம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு பெண் மானின் தொடையில் சுட்டு, முகாமே இரண்டு நாள் ரத்தத்தைப் பின்தொடர்ந்து போய்க் கடைசியில் கிடைக்காமல் திரும்பியது.

"என் குண்டாவது நின்னு யோசிக்குது," என்றாள். "உன்னோடது இன்னும் போய்க்கிட்டே இருக்கு டேரில். எந்த ஊர்ல இருக்குன்னு போன் பண்ணிக் கேளு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றான் டேரில்.

"தோளுக்குத்தான் கொறச்சல். வாய்க்குத் தகடு வைக்கல."

மூன்றாவது வருஷம், தீவனக் கடையில் நான் மேலே எழுதிய அந்தப் பேச்சின் முடிவில், முப்பதுக்குக் கீழே உள்ள எந்தத் துப்பாக்கியும் இனி முகாமுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போடப்போவதாக ஓர்வில் சொன்னார். மார்லிஸ் காப்பியைக் கீழே வைத்தாள்.

"போடு. ஆனா இந்த வருஷம் முடியட்டும். ஒரே ஒரு தோட்டா எடுத்துட்டு வர்றேன், இதே சின்னதுல. நீயே என் பக்கத்துல உக்காந்து பாரு. நான் சுட்ட மான் முகாம் கம்பத்துல தொங்கலன்னா உன் சட்டத்த நானே எழுதிக் கூடாரத்துல ஒட்டுறேன்."

அந்த ஒரு தோட்டாவைச் செய்ய அவளுக்கு அக்டோபர் முழுதும் ஆனது. முன்னால் செய்தது எதையும் நம்பாமல் அடியிலிருந்து ஆரம்பித்தாள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, வேறொன்று கண்ணில் படக்கூடக் கூடாது. முழுக்கச் செம்பாலான நீளமான குண்டு. குறைந்த மருந்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சரளைக் குழிக்குப் போய்ச் சுட்டுப் பார்த்து, மருந்து அதிகமாகிப் பிரைமர் நசுங்குகிறதா, துப்பாக்கியின் பின்தாழ்ப்பாள் இறுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மிக வேகமாகப் போனதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரே துளையில் திரும்பத் திரும்ப விழுந்ததை எடுத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கணக்கில் முகாமுக்கான தோட்டாவைச் செய்ய உட்கார்ந்தாள். ஓர்வில் கதவைத் தட்டினார். அவள் தட்டிலிருந்த மருந்தை டப்பாவில் கொட்டினாள். மறுநாள் உட்கார்ந்தாள், டேரில் ஏணி கேட்டு வந்தான். கொட்டினாள். பாதிரியார் தேவாலய விருந்துக்கு உருளைக்கிழங்கு கேட்டு வந்தார். அதற்கும் கொட்டினாள். கடைசியில் ஊரே ஃபுட்பால் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அந்தத் தோட்டா முடிந்தது. அதற்குள் யாருடைய பேச்சும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பழையதற்குள் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. தப்பு மேசையில் நடந்தது, தோட்டாவின் அளவில் இல்லை.

நவம்பர் நடுவில் ஒரு காலை, அண்ணனும் தங்கையும் புல்வெளி ஓரத்தில் விழுந்து கிடந்த பைன் மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். கொம்பன் வந்தது. இடது காதில் அதே கிழிசல். தனியாக வந்தது, பின்னால் வேறு மான் இல்லை. நேராக நடந்து ஆரஞ்சுத் துணிக்குப் பக்கத்தில் போய், பழைய இடத்தில் பழையபடி பக்கவாட்டில் நின்றது. குண்டு அதன் தோளுக்குப் பின்னால், பட வேண்டிய இடத்துக்கு நேராக, சுழன்றுகொண்டிருந்தது.

"சுடு," என்றார் ஓர்வில் மெதுவாக.

"இரு. அன்னைக்கு கராஜ் வாசல்ல ஒண்ணு ஆரம்பிச்சியே. அத முடி."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"மான் போயிரும் மார்லிஸ்."

"போகாது. அதுவும் அதுக்குத்தான் நிக்குது."

ஓர்வில் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "இந்த வருஷம் உன் கட்டில டேரிலுக்குக் குடுத்துரு. உனக்குத் தோள் சரியில்ல. இனிமே நீ வீட்டுல இரு. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

"மாட்டேன்," என்றாள் மார்லிஸ். "தோள் என்னுது, கட்டிலும் என்னுது. நடக்க முடியிற வரைக்கும் நடந்து வருவேன். முடியலன்னா கோவேறு கழுதை மேல வருவேன். தோட்டா கீட்டான்னு சுத்தி வளைக்காம இத மூணு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தா அப்பவும் இதான் சொல்லிருப்பேன்."

நின்ற குண்டு கிளம்பிப் போனது. துப்பாக்கிச் சத்தம் மூன்று வருஷத்துக்கு முன்பே கேட்டு முடிந்துவிட்டதால் அடி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது, ஈரச் சாக்கைக் கையால் தட்டியதுபோல. கொம்பன் சில அடி நடந்து, நின்று, முட்டி மடங்கிச் சாய்ந்தது. மார்லிஸ் விரலை விசைமேல் வைத்திருக்கவே இல்லை. புதுத் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

தோலுரித்தபோது குண்டு அந்தப் பக்கத்துத் தோலுக்கடியில் காளானாக விரிந்து கிடைத்தது. இரண்டு நுரையீரலையும் தாண்டி வந்திருந்தது. இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து மார்லிஸ் எடுத்துக்கொண்டாள். "தெம்பு இருந்திருக்கு," என்றார் ஓர்வில். அதற்குமேல் தோட்டாவைப் பற்றி அவர் பேசியதாகத் தகவல் இல்லை. சட்டமும் போடவில்லை. டேரில் சொந்தமாக ஒரு சின்னக் கூடாரம் வாங்கிப் பக்கத்தில் அடித்துக்கொண்டான், அதில் குறட்டை விடுகிறான், கழுத்து சரியாகிவிட்டது.

லூசில் பார் வந்து பார்த்து, சுட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால் என்பதால் பழைய சீட்டையே கிழிக்கச் சொன்னார். அப்படியானால் இந்த வருஷச் சீட்டு மீதம் இருக்கிறது என்று மார்லிஸ் சொன்னதும், டேரில் இது அநியாயம் என்றான். மறுநாள் விடியும்போது அவள் அந்த ஒரு தோட்டாவோடு முகாமிலிருந்து கிளம்பினாள். யாரும் மறிக்கவில்லை.

ஆரஞ்சுத் துணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தட்டளவு இடத்தில் பனி இப்போதும் தங்குவதில்லை, மாடுகள் அங்கேதான் படுக்கின்றன. இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் யாருடைய குண்டாவது இப்படிப் பாதியில் நிற்கிறதா? நின்றால் அது எந்த அளவு, அதைச் செய்யும்போது வாசலில் வந்து நின்றது யார், அவர் எந்தப் பேச்சைப் பாதியில் விட்டார் என்று தெரிந்தவரைக்கும் கீழே எழுதுங்கள். தெம்பு இல்லாமல் நின்றது என்று மட்டும் எழுத வேண்டாம், அதை மூன்று வருஷம் கேட்டுவிட்டோம்.