குதிகால்

பெர்மெத் வண்டியிலிருந்து இறங்கிச் சேற்றில் ஒரு கால்தான் வைத்திருப்பாள், அதற்குள் இரண்டு பெண்கள் இரு பக்கமும் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள். தாயைப் பறிகொடுத்த மகள் தானாக நடந்து வரக் கூடாது. கையும் காலும் ஓடாமல் தொய்ந்து வர வேண்டும். அவளுக்கோ கால் நன்றாகவே ஓடியது. நகரத்திலிருந்து கணவாய் தாண்டி வந்த வழி நெடுகச் சேர்ந்த கோபம் முழுக்கக் காலில்தான் இருந்தது. தாங்க வந்தவர்களை அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியிருந்தது. அதன் வாசலில் அண்ணன் மெலிஸ், உறவுக்கார ஆண்களோடு வரிசையில், கைத்தடிமேல் மார்பைச் சாய்த்து நின்று ஓலமிட்டுக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் அவன் குரல் உடைந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே பூவேலைத் திரைக்குப் பின்னால் அம்மா சுயும்கானைக் கிடத்தியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்தபடி, வருகிறவர்களுக்கு முதுகு காட்டி, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ரகாத் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். பெர்மெத் அங்கே உட்காரவில்லை. இரண்டு பேரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் அம்மா கொட்டில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் முடிந்ததும் பெர்மெத் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அவள் படித்ததே இந்த வேலைதான். எலும்பு முறிந்தவர்களையும் வயதானவர்களையும் மறுபடி எழுப்பி நடமாட வைப்பது. ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் ஒரு மண்ணும் புரியாது. ஊசி போடாத டாக்டர், கையைக் காலை ஆட்டச் சொல்கிற டாக்டர்பொண்ணு என்று கேலி செய்தார்கள்.

அம்மாவுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு குதிகாலையும் தூக்கி விரல் முனையில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். ஏறுவது பெரிய காரியமில்லை, இறங்குவதுதான் மெல்ல இருக்க வேண்டும் என்று பெர்மெத் சொல்லிக்கொடுத்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ வேண்டும். நன்றாகத் தேறிய பிறகு ஒற்றைக் காலில் நிற்கலாம். "புதுசாப் பொறந்த ஆட்டுக்குட்டிய நிக்க வெக்கற மாதிரியே நிக்க வெக்கறயேடி" என்று அம்மா சிரிப்பாள். லீவு முடிகிறபோது தடி இல்லாமல் வெளிக்கதவு வரை வந்து வழியனுப்பினாள். தன் டீயைத் தானே ஊற்றிக் குடித்தாள்.

அந்த டீயில்தான் எல்லாம் கெட்டது. மருமகள் இருக்கிற வீட்டில் மாமியார் எழுந்து டீ ஊற்றிக்கொள்கிறாளாம் என்று பாத்மா பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவின் அண்ணன் மனைவி, அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் மூத்தவள், அவள் நாக்கில் விழுந்த வீடு எழுந்திருக்காது. மெலிஸுக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை. பெர்மெத் நகரத்துக்குப் போன கையோடு, வாசலுக்கு நேர் எதிரே வீட்டின் மூத்தவர் உட்காருகிற தோரில் மெத்தைமேல் மெத்தை அடுக்கி அம்மாவை ஏற்றி உட்கார வைத்தான். குடிக்கத் தண்ணீர் கேட்கிறதுக்குள் தண்ணீர் வந்தது. கை கழுவக் கிண்ணமே அவளிடம் வந்தது. மரியாதை. பெர்மெத்துக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போனில் அம்மா, செய்கிறேன் செய்கிறேன் என்பாள், பக்கத்தில் ஆள் இருக்கிற குரலில். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொன்னாள். "அவங்கள உக்கார வெச்சே கொன்னுடுவீங்க நீங்க ரெண்டு பேரும்." ரகாத் பதிலுக்குச் சொன்னது ஒரே ஒரு "சரி".

இப்போது கொன்றாகிவிட்டது. படுத்த இடத்திலேயே மூச்சு நின்றுவிட்டது, முந்தாநாள் சாயங்காலம், என்றுதான் மெலிஸ் போனில் அழுதான். படுத்தே கிடந்தால் நிற்காமல் என்ன செய்யும்?

ஒப்பாரியில் மகளுக்கு ஒரு உரிமை உண்டு. பேச்சில் சொல்லக் கூடாததைப் பாட்டில் வைத்துச் சொல்லலாம். யாரும் குறுக்கே பேசக் கூடாது, பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. பெர்மெத் வண்டியிலேயே கட்டி வைத்திருந்தாள். இடுப்பில் கையை ஊன்றி, சுவரைப் பார்த்து, எடுத்தாள்.

"மெத்தைமேல மெத்தையிட்டு ஏத்தி வெச்சாங்களே தாயே,
மண்ணத் தொட விடாம மகுடம் வெச்சாங்களே தாயே,
நடந்து வளர்ந்த காலை நடுவீட்டுல கட்டிப்போட்டு
நல்லாப் பாத்துக்கிட்டோம்னு நாடறியச் சொன்னாங்களே தாயே."

கூடாரத்துக்குள் மற்றக் குரல்கள் ஒரு கணம் அறுந்து நின்றன. வெளியே மெலிஸின் ஓலம்கூடத் தடுமாறியது போலிருந்தது. பிறகு, வழக்கப்படி அந்தக் கடைசி "தாயே"வை ஒரு குரல் எடுத்துக்கொண்டது. ரகாத்தின் குரல். அது நடுங்கவில்லை.

குளிப்பாட்டுகிறவர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் முன்பே பேசி வைத்தது. தலையைத் தான்தான் கழுவுவேன் என்று ரகாத் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அதை நல்ல மருமகளுக்கு அடையாளமாகப் பக்கத்திலிருந்தவள் பெர்மெத்தின் காதில் ஓதினாள். திரைக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சத்தம் நின்று, வெள்ளைத் துணி சுற்றி முடிந்த பிறகு, குளிப்பாட்டியவர்களுக்கு அம்மாவின் உடுப்புகளைப் பங்கு வைத்தார்கள். வெல்வெட் அங்கி ஒருத்திக்கு, சால்வை ஒருத்திக்கு. கால் பக்கம் கழுவிய பாத்மா பெரியம்மாவுக்குப் பூட்சும் காலுறையும். பெர்மெத் நகரத்திலிருந்து வாங்கி அனுப்பிய கனத்த கம்பளிக் காலுறை, தரையில் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் புள்ளி வைத்தது. பெரியம்மா அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் அடிப்பக்கம் வழியாக வெளியே வந்தது.

"இத யாருக்குக் குடுக்கறது?" என்றாள். விரலை ஆட்டிக் காட்டினாள். "தோர்ல உக்காந்திருந்தவளுக்கு உள்ளங்கால் எப்பிடித் தேயும்?"

அழுக்குத் தண்ணீர் வாளியோடு திரைக்குள்ளிருந்து வந்த ரகாத் அப்படியே நின்றாள்.

"நாங்க வர்றப்பல்லாம் ராணி மாதிரி உக்கார வெச்சிருப்ப. நாங்க போனதும் தண்ணி தூக்க விட்டியா? மாடு கறக்க விட்டியா? சொல்லு, இடுப்பொடிஞ்சவள எதுக்கு நடக்க விட்ட?"

ரகாத் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகள் மூத்தவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது, இன்றைக்கென்று இல்லை, என்றைக்குமே. கொஞ்ச நேரத்துக்கு முன் அவள் மாமியாரை உட்கார வைத்தே கொன்றவள். இப்போது நடக்க வைத்துக் கொன்றவள். இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டு நின்றாள்.

பெர்மெத் எழுந்து வந்து காலுறையை வாங்கித் திருப்பினாள். குதிகால் பக்கம் ரப்பர் புள்ளிகள் புதிதாகவே இருந்தன. தண்ணீர் தூக்கி நடந்திருந்தால் அங்கேதான் முதலில் போயிருக்கும். போயிருந்தது முன்பக்கம், விரல்களுக்குக் கீழே, இரண்டு காலிலும் ஒரே அளவுக்கு. நாள் தவறாமல் விரல் முனையில் ஏறி இறங்கியவளின் காலுறை. இதைத் தனியாகச் செய்ய அம்மாவால் முடியாது. யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது பெரியம்மா" என்றாள் பெர்மெத். "நான்தான் அம்மாவ நிக்கச் சொன்னேன். தெனமும். போன்லயே சொல்லிச் சொல்லிச் செய்ய வெச்சேன். அண்ணி வேணாம்னுதான் சொன்னாங்க, நான் கேக்கல."

"பெத்தவள ஆட்டி வெச்சிருக்கா பாரு" என்று பெரியம்மா கூட்டத்தைப் பார்த்தாள். "இதுக்குத்தான் ஆட்ட வித்துப் படிக்க வெச்சான் உங்கப்பன்."

"ஆமா, இதுக்குத்தான். உங்களால முட்டிய மடக்க முடியுதா பெரியம்மா? கீழ உக்காந்தா தூக்கி விட ரெண்டு பேரு வேணும். எங்கம்மா தானா எழுந்தா."

ஒருத்தி சிரிப்பை அடக்கத் தலைத்துணியைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மாவின் முகம் கறுத்தது. முந்தாநாள் மத்தியானம்கூட நான் அவளோடு உட்கார்ந்து டீ குடித்தேனே என்று குரலை உயர்த்தினாள். "என்னமா நிமிந்து உக்காந்திருந்தா. ஒரு வார்த்த பேசல, சிரிச்ச முகமா அப்பிடியே இருந்தா. உக்காந்திருக்கறவளுக்கு என்னடி கொறச்சல்?"

அம்மா ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாளா? பெரியம்மா வந்து உட்கார்ந்தும்? அந்த நினைப்பு பெர்மெத்துக்குள் எங்கேயோ இடறியது. அதற்குள் ஆண்கள் தொழுகைக்கு உடலை எடுக்க வந்துவிட்டார்கள்.

அம்மா வெளிக்கதவைத் தாண்டிப் போனாள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. கதவோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். பெர்மெத் கூடாரத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் போனாள்.

அம்மாவின் அறையில் ஜன்னல் திரையை ஓரங்களில் ஆணி வைத்து அடித்திருந்தது. கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். நீல வண்ணம் அடித்த ஜன்னல் விளிம்பில் இரண்டு இடத்தில் வண்ணம் போய் மரம் வெளுத்திருந்தது, இரண்டு கைகள் பிடிக்கிற அகலத்தில். அதற்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, இன்னும் இரண்டு இடம். அங்கே வண்ணம் மங்க மட்டும் செய்திருந்தது. சாய்ந்து பிடித்த கைகள் அல்ல, லேசாகத் தொட்டுக்கொண்டு நின்ற கைகள்.

கிண்ணங்கள் எடுக்க வந்த ரகாத் வாசலிலேயே நின்றாள்.

"நீங்களும் செஞ்சீங்களா அண்ணி?"

"தனியாச் செய்ய வெக்கமா இருக்குன்னாங்க." ரகாத் அலமாரியைத் திறந்து கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அவரு கொட்டிலுக்குப் போனதும் தாழ்ப்பாள் போட்டுக்குவோம். பகல்ல கதவ சாத்தற வீட்ட ஊரு என்ன சொல்லும்னு தெரியுமில்ல. சட்டுனு முடிச்சிட்டுத் தெறந்துடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே."

"நீ திட்டறப்ப பக்கத்துலதான் இருந்தாங்க. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நூருஸ் பண்டிகைக்கு நம்ம டாக்டர்பொண்ணு வருவா, வெளிக்கதவுக்கிட்ட போய் ஒத்தக் கால்ல நின்னு காட்டறேன், அதுவரைக்கும் சொல்லாதன்னாங்க."

டாக்டர்பொண்ணு. கணவனின் உடன்பிறந்தவர்களை மருமகள் பெயர் சொல்லி அழைக்க மாட்டாள், தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். ஊரின் கேலியிலிருந்து எடுத்தாலும் ரகாத்தின் வாயில் அது கேலியாக இருந்ததில்லை. பெர்மெத்துக்கு இன்றுதான் அது காதில் விழுந்தது.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் ரகாத் கிண்ணங்களை அடுக்கி முடித்தும் போகவில்லை.

"முந்தாநாள் ஒத்தக் கால்ல நின்னாங்க" என்றாள். "நல்லா நின்னாங்க. அப்ப கதவு தட்டற சத்தம். பெரியம்மாவோட குரல். பட்டப்பகல்ல எதுக்குடி தாழ்ப்பாள்ங்கறாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கெட்டியாப் பிடிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குக் கதவுக்குப் போயிட்டேன். பின்னாடி விழுந்த சத்தம்."

பெர்மெத் ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். "தலையா?"

"பின்னந்தலை. ரத்தமில்ல. வீங்கியிருந்துச்சு, அவ்ளோதான். வலிக்கலன்னாங்க. அவள வாசல்ல நிக்க வெக்காத, என்னைத் தூக்கித் தோர்ல வெய்யின்னாங்க. துணிய இறுக்கிக் கட்டிவிட்டு உக்கார வெச்சேன்."

"பெரியம்மா எவ்ளோ நேரம் உக்காந்திருந்தாங்க?"

"டீத்தண்ணிக்கு சமோவார ரெண்டு தடவ மூட்டினேன்."

"டாக்டரக் கூப்பிடல."

ரகாத் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். புரியாத பார்வை. உண்மையாகவே புரியவில்லை. "விருந்தாளி உக்காந்திருக்கறப்பவா?"

தலையில் அடிபட்டுப் பேச்சு நின்றுபோனவளை உடனே வண்டியில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஏற்றாமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் பெர்மெத் பரீட்சை எழுதித் தேறியவை. முற்றத்தில் புதிதாகத் துக்கம் கேட்க வந்தவர்களின் ஓலம் எழுந்தது. ரகாத் கிண்ணங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பெர்மெத் தேய்ந்த காலுறையைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு அண்ணியின் பின்னால் போனாள். அம்மா எதனால் செத்தாள் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். ஒப்பாரியில் அல்ல, பாட்டில் மறைத்து அல்ல, முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்ட பிறகு அண்ணன் இவளை இந்த வீட்டில் வைத்திருப்பானா என்பது அவன் பாடு. முற்றத்தைக் கடந்தாள். குதிரைக்கறி வேகும் கொப்பரையைத் தாண்டினாள். சமையல் கொட்டகையின் வாசலில் வந்து நின்றாள்.

ரகாத் அவளுக்கு முதுகு காட்டி, சமோவாரில் தண்ணீர் கொதிக்கக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மேசை விளிம்பில் லேசாகத் தொட்டிருந்தது. கண் எங்கோ இருந்திருக்க வேண்டும், யாரோ வந்து நிற்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. சேறு ஒட்டிய பாவாடை விளிம்புக்குக் கீழே அவளுடைய இரண்டு குதிகால்களும் தரையை விட்டு எழும்பின. விரல் முனையில் ஒரு நொடி நின்றன. பிறகு இறங்கின, மெல்ல, மிக மெல்ல.