கழற்றிப் போட்ட வண்டி

பல் செட் செய்கிறவர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு பல் லேபில் வாரம் முழுக்கக் குனிந்து மெழுகில் பல் அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார் முன்னால் குனிந்துகொள்வார். அவருடைய ஸ்பேனர்கள் பலகையில் அளவுவாரியாகத் தொங்கும். பத்தாம் நம்பர் மட்டும் மூன்று வைத்திருந்தார். உலகத்தில் எந்தக் கொட்டகையிலும் காணாமல் போவது அதுதான் என்பார். எல்லாவற்றிலும் செல்லம் ஒரு ராட்செட். கையை எடுத்தெடுத்துப் போட வேண்டியதில்லை, முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், போல்ட் தானாகக் கழன்று வரும். அதன் டிக் டிக் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் அவருக்குப் பசியே எடுக்காது. அதற்கும் ஒரு தட்டு வைத்துவிடட்டுமா என்று மனைவி கேட்பாள்.

ஒரே மகள். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை, காரில்தான் பிழைப்பு. வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் மாமனாரிடம் கொண்டுவந்து விடுவான். மாமா கை பட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்பான். அவருக்கும் அதில் உச்சி குளிர்ந்துபோகும். போன வருடம் மகள் குளியலறையில் வழுக்கி முன்பல் உடைந்தது என்று வந்தபோது, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இம்மியும் பிசகாமல் அவரே புதுப்பல் செய்து கொடுத்தார். விழுந்தவளுக்கு முகவாயில் ஒரு சிராய்ப்புகூட இல்லையே என்று அன்றைக்கு அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை சொன்ன ஏதோ ஊர்ப்பெயரை மகள் திருத்தினாள். அவன் சிரித்துவிட்டு, சாப்பிட்டு முடித்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அப்பாவும் மகளும் கொட்டகைக்குப் போனார்கள்.

சக்கரத்தின் ஒரு நட்டு இறுகிப்போயிருந்தது. நீளக் கம்பியை மாட்டி, அது வழுக்காமல் நட்டுப் பக்க முனையை அழுத்திப் பிடித்துக்கொள்ள மகளிடம் சொன்னார். அவள் இடது கையை நீட்டினாள். வலது கையால் பிடி என்றார். பிடித்தாள், அவர் கம்பியை இழுத்ததும் கை தளர்ந்து எல்லாம் தரையில் விழுந்தது. சட்டைக் கை மேலேறியதில் மணிக்கட்டு தெரிந்தது. கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

கதவில் நசுங்கிவிட்டது என்றாள்.

"கதவா? போன வருஷம் பாத்ரூம், இந்த வருஷம் கதவா?" என்றார்.

கழற்றி வைத்திருந்த டயரின் மேல் அவள் உட்கார்ந்தாள். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். கல்யாணமான சில மாதங்களிலேயே அடி ஆரம்பித்ததைச் சொன்னாள். அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் பொறுத்துப் போ என்று அம்மா அழுததைச் சொன்னாள். கடைசியாக, "மேசையில நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதுப்பா. வண்டில ஏறினதும் ஆரம்பிக்கும். அப்பல்லாம் சத்தம் வெளிய கேக்காம கண்ணாடியை ஏத்திவிட்டுடுவார்" என்றாள்.

பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அவர் உள்ளங்கையில் இருந்தது. இதை அரைச் சுற்று தளர்வாக விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று அவர் பின்னால் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் இவள் இருப்பாள். ரோட்டில் யார் யாரோ போவார்கள். போல்ட்டைத் தட்டில் வைத்தார். ராட்செட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போய், நன்றாக இருந்த இன்னொரு சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றத் தொடங்கினார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து முடிந்ததா என்று கேட்டான்.

"பிரேக்குல பிஸ்டன் சிக்கியிருக்கு மாப்பிள்ளை. பார்ட் வரணும். நீங்க பஸ்ல போங்க. அவ இருக்கட்டும், அவங்க அம்மாவுக்கு முட்டி வலி. வண்டியோட சேர்த்து அனுப்பறேன்."

மாமனார் அதுவரை அவனிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பிப் போனான்.

அன்று சாயங்காலம் மனைவியிடம், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். உங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? கொட்டகைக்குப் போய் எதையாவது முடுக்கிக்கிட்டு இருந்திருப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கொட்டகைக்குத்தான் போனார்.

மறுநாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் வண்டியில் எதையாவது கழற்றினார். ரேடியேட்டர், பேட்டரி, இருக்கைகள், கதவுகள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மகளும் வந்து இடது கையால் திருகினாள். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய பல் அச்சுக் கிண்ணங்களில் போட்டு வைத்தார்கள். ஒருநாள் எங்கோ உருண்டு போன பத்தாம் நம்பரைத் தேடி இருவரும் தரையில் தவழ்ந்தபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். போலீசில் சொல்லிவிடலாமா என்றார். சிரிப்பு நின்றுபோனது. இப்போது வேண்டாம்ப்பா என்றாள்.

மாப்பிள்ளை தினமும் போன் செய்தான். பார்ட் தவறாக வந்துவிட்டது என்றார். கடையைப் பூட்டிவிட்டார்கள் என்றார். இன்ஜினிலும் ஒரு கசிவு என்றார். வேறு மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று அவன் சொன்னபோது, என் வேலையில் இன்னொருத்தன் கை வைப்பதா என்று கோபப்படுவது போல நடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சொல்லாமல் வந்து நின்றான். கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். அவன் வண்டி எலும்புக்கூடாக ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. மற்றதெல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்தது. முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன மாமா இது?"

"வண்டி ஓடாது மாப்பிள்ளை. அவளும் வரமாட்டா."

தரையில் குந்தியிருந்தவர், எழுந்திருக்க வண்டியின் விளிம்பில் வலது கையை ஊன்றினார். அவன் நீளக் கம்பியை எடுத்ததை அவர் பார்க்கவில்லை. முதல் அடி விரல்கள் மேல் விழுந்தது. கையை இழுத்துக்கொள்வதற்குள் இன்னொன்றும் விழுந்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். தன்மேல் விழுந்த அடிக்கெல்லாம் ஒருமுறைகூடச் சத்தம் போடாதவள் அவள். இப்போதும் கத்தவில்லை. அப்பாவின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். அவன் சுதாரித்து வருவதற்குள் திரும்பி, கொட்டகையின் ஷட்டரை ஒரே இழுப்பில் இறக்கிப் பூட்டினாள். அவன் உள்ளேயிருந்து அடித்தான். அவள் முதுகை ஷட்டரில் சாய்த்து உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு போலீசுக்குப் பேசினாள். பெயர், முகவரி, அப்பாவின் கை, தன் கை, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அடிக்கு அடி ஷட்டர் அதிர்ந்தது. அம்மா வந்து பார்த்தாள். கணவரின் கையைத் தன் துண்டால் சுற்றிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் அவளும் முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

விரல்களைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்தன, மடங்கவில்லை. மெழுகில் பல் அடுக்குவது விரல் நுனியால் செய்கிற வேலை. லேபில் அவருடைய மேசையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். லேப் முதலாளி நல்ல மனிதர்தான். வந்து பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை ஜாமீனில் வந்து, தன் வண்டியை நாசமாக்கியதாக எதிர்வழக்குப் போட்டான். விசாரணையில் அவனுடைய வக்கீல், அந்த வண்டியைத் திரும்பப் பூட்டும் எண்ணம் எப்போதாவது இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று சொல்லும்படி இவர்கள் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இல்லைங்க" என்றார் அவர்.

அம்மாவும் சாட்சி சொன்னாள். மகள் சொன்னபோதெல்லாம் பொறுத்துப் போ என்றது நான்தான் என்றாள். கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றாள்.

தீர்ப்பு வந்தது. வண்டிக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவின் கையை உடைத்ததற்குத் தண்டனை கிடைத்தது. மகளுக்கு நடந்ததற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அது நாலு சுவருக்குள்ளும், ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளும் நடந்தது, யார் பார்த்தார்கள்?

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். மகள், அவன் ஜெயிலிலிருந்து வருவதற்குள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விடப் போகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்று அம்மா உடனே சொன்னாள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"அப்பா?" என்றாள் மகள்.

கைக்கு இன்னும் சிகிச்சை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். விரல்கள் இனி சரியாகப் போவதில்லை என்று மருத்துவர் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். பஸ் வந்தது. பிடித்து ஏற இடது கையை நீட்டினார்; பழக்கம் போதவில்லை, தடுமாறினார். பின்னாலிருந்து இருவரும் தாங்கி ஏற்றிவிட்டார்கள்.