பூண்டுப் பரணில் வைத்த லேப்டாப்

பதினொன்றேகால் ஆகியும் பஸ் வரவில்லை. அந்தக் கண்டக்டர் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் மன்னவனூர் அன்றைக்கு ஒரு கொலையைப் பார்த்திருக்கும். எட்டரைக்கு வர வேண்டிய வண்டி. வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். காற்றில்லை, மழையில்லை, இந்த வியாழக்கிழமை பார்த்தா அந்த மரம் விழ வேண்டும்?

பஸ்ஸில் வர வேண்டியது ஒரு சின்ன ஃபேன். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. என் மருமகள் சுபஸ்ரீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புக்குள்ளே சுற்றுகிற ஃபேன் அது. அது சுற்றாவிட்டால் பெட்டி சூடேறிப் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு அந்தப் பெட்டியில்தான் பரீட்சை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துப் பதிகிற வேலை கொடுக்கிறது. மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். முதல் தடவை மார்க் போதவில்லை. புரட்டாசியில் இரண்டாவது தடவை எழுதும்போது பாதியில் பெட்டி அணைந்துபோனது. 'தானாக விலகினார்' என்று போட்டுவிட்டார்கள். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பேட்டரிதான் கெட்டிருக்கும் என்று நினைத்து அதை மாற்றினோம். பரீட்சைத் தேதி வந்த பிறகு, போன வாரம்தான், கோளாறு ஃபேனில் என்று தெரிந்தது. இன்றைக்கும் எழுத முடியாமல் போனால் அந்த வேலை அவளுக்கு இனி இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் பொட்டலத்தை நீட்டினான்.

"ஏலே, நடந்து வந்திருந்தாக்கூட வெரசா வந்திருப்பியேடா!"

"மரத்த நானா வெட்டிப் போட்டேன்? திட்டுறத சாயங்காலத்துக்கு வச்சுக்கங்க அக்கா, மொதல்ல பார்சலப் பிடிங்க."

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஏற்றத்தில் நான் ஓடியதைப் பார்த்து, யார் வீட்டில் சாவு என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

என் மகன் முத்துராஜ் பூண்டு மூட்டைகளோடு விடியும் முன்பே வடுகபட்டிச் சந்தைக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் அவளும்தான். பெட்டியைத் திறந்து ஃபேனை மாற்ற வேண்டியது அவளே. ஃபேன் அனுப்பிய கடைக்காரர் போனில் போட்டுவிட்ட வீடியோவை நாலு நாளாகப் பார்த்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி வீடு இருட்டிக் கிடந்ததால் நான் டார்ச் பிடித்தேன். கழற்றுகிற ஸ்குருவை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாம்பாளத்தில் அடுக்கச் சொன்னாள். குளிரில் அவளுக்கு விரல் விறைத்துப்போய் ஸ்குரு நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுப்புத் தணலில் கையைக் காட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"அத்த, டார்ச்ச ஆட்டாதீங்க."

"நானா ஆட்டுறேன்? கை ஆடுது."

பன்னிரண்டரைக்கு அடி மூடி கழன்று வந்தது. டார்ச்சை உள்ளே அடித்தேன். ஃபேன் இருந்த இடம் முழுக்கக் கரி. அந்தக் கரிக்குள் மெல்லிசாக, வெள்ளையாக என்னவோ சுருண்டு கிடந்தது. சுபஸ்ரீ அதைப் பொடி ஊக்கால் கிளறி எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. பூண்டுத் தோல்.

என் கண் தானாக அடுப்புக்கு மேலே பரணுக்குப் போனது.

ஆடிக்கு அவள் அய்யம்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த மாதம் இங்கே சாரல் விடவே இல்லை. அவள் துணிப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த லேப்டாப் பைமேல் பூஞ்சை படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஈரம் ஏறக் கூடாத பண்டத்தை எங்கே வைப்போம்? அடுப்புக்கு மேலே, பரணில், பூண்டோடு பூண்டாக. விதைப் பூண்டு அந்தப் புகையில்தான் கெடாமல் இருக்கிறது. சின்னப் பெண்ணின் பண்டம் கெட்டுவிடக் கூடாதே என்று, ஒரு துண்டில் சுற்றி நானேதான் மேலே ஏற்றினேன். அவள் வருவதற்கு முந்தின நாள் இறக்கித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன், புகை வாசனை மட்டும் போகவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

இது மட்டும் என்றால் யாரும் நம்புவார்கள். ஆனால் அவள் ஆடிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்களுக்குள் ஒரு சண்டை. உருளைக்குக் களை எடுக்க வராமல் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்ற ஆத்திரத்தில், "இந்தச் சனியனத் தூக்கி அடுப்புல போட்டாத்தான் உனக்குக் காடு எங்க கெடக்குன்னு தெரியும்" என்று கத்தியிருந்தேன். தெருவே கேட்டது. அப்படிப்பட்ட என் அடுப்புக் கரி இப்போது அவள் பெட்டிக்குள்ளே அப்பிக் கிடக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். நான் உடைத்தது மண்குடம் இல்லை, புரட்டாசியில் அவள் மூன்று நாள் பட்டினி கிடந்ததும் என்னால்தான்.

சுபஸ்ரீ அந்தத் தோலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளேண்டி, கேட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவள் கை நடுங்கும், கை நடுங்கினால் எல்லாம் போச்சு. பரீட்சை முடிகிற மூன்று மணி வரைக்கும் வாயை மூடு முருகேஸ்வரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததே இல்லை.

வந்த ஃபேன் புதுசு இல்லை. இவ்வளவு பழைய மாடலுக்குப் புதுசு கிடைக்காது என்று கடைக்காரர் வேறொரு பெட்டியிலிருந்து கழற்றி அனுப்பியிருந்தார். உட்கார்கிற இடத்தில் சரியாக உட்கார்ந்தது. பிளக் மட்டும் சேரவில்லை.

"இப்ப என்ன பண்ணுவ?"

"பழைய ஃபேனோட பிளக்க வெட்டி, அந்த ஒயர இதுல சேர்க்கணும்."

"தப்பாப் போனா?"

"எல்லாம் எரிஞ்சுரும்."

மணி ஒன்று. அவள் வெட்டினாள். பிளேடால் ஒயர்த் தோலைச் சீவி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் மூன்றாவதை மூன்றாவதோடும் முறுக்கி டேப் சுற்றினாள். அந்தக் குளிருக்கு டேப் ஒட்டவே மாட்டேன் என்றது. வாயால் ஊதி ஊதி ஒட்டினாள். ஒன்றரைக்கு மூடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. பழனி மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"முருகா!" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை.

"அத்த, பரிச்ச முடியற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது. ரூம்ல வேற ஆள் இருந்தா கேன்சல் பண்ணிருவாங்க."

கம்பெனி விதி அது, எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் அதைச் சொன்ன குரலில் விதி மட்டும் இருக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

முன்னறையில் மேசைமேல் கேரட் அள்ளுகிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து, காற்றுப் போகட்டும் என்று அதன் மேல் லேப்டாப்பை வைத்திருந்தாள். அவள் உட்கார்ந்தது அடுப்படியைப் பார்த்து. இரண்டு மணிக்குத் தொடங்கிவிட்டாள். இரண்டே காலுக்குப் பக்கத்துக் காட்டுச் செல்லப்பாண்டி மருந்தடிக்கிற மோட்டாரைக் கிளப்பினான். பின்கதவு வழியாக ஓடிப்போய், முக்கால் மணி நேரம் அதை நிறுத்தாவிட்டால் அந்த மருந்தை உனக்கே ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிறுத்திவிட்டான், பாவம். அந்த அமைதியில் ஃபேன் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கர்ர்ர், கர்ர்ர். அதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டரைக்கு அந்தச் சத்தம் நின்றது.

கதவிடுக்கில் பார்த்தேன். சுபஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது, கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. எழுந்தால் போச்சு, திறந்தால் போச்சு. இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது, பெட்டி தாங்குவது பத்து நிமிடம். உள்ளே போனால் நான் கெடுத்தேன் என்று ஆகும். போகாவிட்டாலும் கெடுத்தவள் நான்தான். போட்டோ எடுக்கிறவன் போட்டோவில் விழமாட்டான் அல்லவா, அந்தப் பெட்டியின் கண் அவளைத்தானே பார்க்கிறது, பெட்டியின் முதுகுப் பக்கமாகப் போனால் என்னைப் பார்க்காது என்று கணக்குப் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, தவழ்ந்து போனேன்.

மேசைக்குப் பின்னால் நான் தலையைத் தூக்கியபோது அவள் கண் ஒரு நொடி என்மேல் பட்டது. அதில் இருந்தது பயம். திருடனைப் பார்த்த பயம்கூட இல்லை, தன் வீட்டைக் கொளுத்த வந்தவளைப் பார்க்கிற பயம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் இன்றைக்குத் தோலைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை. பெட்டியில் புகை வாசனை அடித்த அன்றிலிருந்தே, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்திருக்கிறாள். நினைத்துக்கொண்டேதான் இத்தனை மாதம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

முறத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் கண் திரைக்குப் போய்விட்டது. கிரேட்டின் ஓட்டைகளுக்குள்ளே காற்றுப் போகிற மாதிரி விசிற ஆரம்பித்தேன். வேகமாக விசிறினால் சத்தம் கேட்கும், மெதுவாக விசிறினால் சூடு இறங்காது. வலது கை ஓய்ந்தால் இடது கை. பின்கதவு திறந்தே இருந்ததால் மன்னவனூர்க் குளிர் முழுக்க உள்ளே வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் குளிரை வாழ்த்தினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. இருமல் வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பெட்டி அணையவில்லை.

மூன்று மணிக்கு அவள் கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு மேசையில் கவிழ்ந்தாள். நான் தரையிலேயே கிடந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். என் பேர் சேனாதிபதி, கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றது குரல்.

"மார்க் எழுபத்தெட்டு, பாஸ்தான்மா. ஆனா வீடியோவுல ரெண்டு முப்பத்திரெண்டுக்கு உங்க கண்ணு ஸ்கிரீன விட்டுப் போகுது. ரூம்ல யாரு இருந்தா?"

யாரும் இல்லையென்று சொல்லு என்று நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "எங்க அத்த இருந்தாங்க சார்" என்றாள்.

"அப்ப கேன்சல்தான்மா. சாரி."

போனைப் பிடுங்கினேன். "ஐயா, நான்தான் அந்த அத்த. எனக்கு இங்கிலீசுல எம் பேரு எழுதத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்? ஃபேன் நின்னு போச்சு. மொறத்த வச்சு விசிறினேன், அவ்வளவுதான்."

"சரிம்மா, விசிறத்தானே வந்தீங்க? அப்ப அவங்க முகம் ஏன் அப்படிப் பயப்படுது? நான் பத்துத் தடவ பார்த்துட்டேன்."

சுபஸ்ரீ தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது.

"கெடுக்க வந்தேன்னு நெனச்சுட்டா" என்றேன். "நெனைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அடுப்புல போடுவேன்னு சொன்ன வாயி இது. ஆடியில அவ ஊருக்குப் போயிருந்தப்ப பூஞ்சை பிடிக்குதேன்னு அடுப்புக்கு மேல பூண்டுப் பரணுல ஏத்துனேன். அந்தக் கரியும் தோலும் போயித்தான் ஃபேன் செத்துச்சு. போன பரிச்சயும் என்னாலதான் போச்சு. இன்னைக்கு அதத் தொறந்தப்பதான் எனக்கே தெரியும். அவகிட்ட இன்னும் சொல்லல, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். தண்டிக்கிறதுன்னா என்னத் தண்டிங்க, அவள ஏன்யா தண்டிக்கிறீக?"

சேனாதிபதி என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"சுபஸ்ரீ, அவங்க சொல்றது நெசமா?"

"நெசந்தான் சார். அவங்க வேணும்னு செய்யல."

"இருங்க, லைன்லயே இருங்க" என்றார். யாரிடமோ பேசுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. திரும்பி வந்து, "வீடியோவுல பேச்சுச் சத்தமே இல்ல, அதனால நம்புறோம். எட்டாம் தேதி ஜாயின் பண்ணுங்கம்மா. அந்த லேப்டாப்ல வேணாம், நாங்க ஒண்ணு அனுப்புறோம். அத அத்த கண்ணுல காட்டாதீங்க" என்று வைத்துவிட்டார்.

சுபஸ்ரீ அழுதாள். நானும் அழுதிருப்பேன், ஆனால் கேட்க வேண்டியது ஒன்று மீதி இருந்தது.

"ஏத்தா, வேணும்னு செய்யலன்னு சொன்னியே. நெசமாவே நம்பிச் சொன்னியா, இல்ல வேலைக்காகச் சொன்னியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்றப்ப வேலைக்காகத்தான் சொன்னேன் அத்த" என்றாள். "சொல்லி முடிச்சதும் நம்பிட்டேன்."

"போடி எடுபட்டவளே" என்றேன். அவள் தலையில் மெல்ல ஒரு குட்டு வைத்தேன்.