வெறுங்கையோடு வராத விருந்தாளிகள்

ப்லோவ்திவ் நகரில் பிற்பகல். அமெரிக்காவில் அப்போதுதான் ஆட்கள் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நிரலாளர்கள் கூடும் இணையச் செய்திப் பலகையில் பில்யானா தன் கருவியைப் பற்றி அறிவிப்புப் போட்டாள். ஒரு நிரல் திடீரெனப் படுத்துவிட்டால், அதற்குச் சற்று முன் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் கருவி அது.

மாலைக்குள் அவள் ஒரு வங்கிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே வேலைக்குப் போனால் கருவியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். முன்பின் தெரியாத நாலு பேருக்கு இது வேண்டியிருக்கிறதா என்று தெரிந்தால் போதும், முடிவெடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

ஓட்டு விழ விழ அறிவிப்பு மெல்ல ஏறி முதல் பக்கத்துக்கு வந்தது. யாரோ கேள்வி கேட்டார்கள். பதில் எழுத மடிக்கணினியோடு மாடிப்படிக்குப் போனாள். அறையில் சத்தம் தாங்கவில்லை. கூட்டாளி ட்ரிஃபோனுக்கு அன்று பேர் நாள், அதாவது அவன் பேருக்குரிய புனிதரின் திருநாள். பேர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருவார்கள். கட்டடமே வந்திருந்தது, ஒயினும் பனிட்சாப் பலகாரமுமாக.

பதிலை முடித்துவிட்டுப் பார்த்தால் அறிவிப்பு முதல் பக்கத்தில் இல்லை. நாலாம் பக்கம் வரை தேடியும் இல்லை.

உள்ளே போனாள். "டேய் ட்ரிஃபோன், என்னடா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நம்ம கருவியப் பத்திப் பெருமையா சொன்னேன், அவ்வளவுதான்."

கீழ்த்தளத்துக் கணக்கர் மலினா தட்டோடு திரும்பினாள். "எனக்கு அது என்ன எழவுன்னே புரியலம்மா. பக்கத்துல ஒரு அம்புக்குறி இருந்துச்சு, அமுக்கினேன். பேர் நாளும் அதுவுமா வெறுங்கையோட வர முடியுமா?"

"எத்தன பேரு அமுக்கினீங்கக்கா?"

"எல்லாருந்தான். பல் டாக்டரு அவரு பொண்டாட்டி போன்லயும் போட்டாரு."

ஒரே இணைய இணைப்பு. எல்லாம் அப்போதுதான் திறந்த கணக்குகள். ஆள் சேர்த்து ஓட்டுப் போட்டால் பலகை தானாகவே அறிவிப்பைக் கீழே தள்ளிவிடும். அந்த விதியைக் காலையில் அவளுக்கு வாசித்துக் காட்டியவனே ட்ரிஃபோன்தான்.

"தெரிஞ்சும் ஏன்டா தடுக்கல?"

"வாழ்த்த வந்தவங்க கையப் பிடிச்சு, வேணாம்னு சொல்லச் சொல்றியா? நீ சொல்லிடுவியா?"

அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

"யாரோ திருட்டுத்தனமா புகுந்து ஓட்டுப் போட்டுட்டான்னு எழுதிப் போடும்மா" என்றார் பல் டாக்டர்.

"நீங்க பல்லப் பாருங்க டாக்டர்."

பலகையை நடத்துகிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். திரும்ப மேலே ஏற்றச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: விருந்தாளிகள் அமுக்குவதற்கு முன் விழுந்த ஓட்டுகளிலும் இந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா? ட்ரிஃபோனுக்கு எங்கெங்கும் சிநேகிதர்கள். முதல் பக்கத்துக்கு ஏறியதே அவர்கள் தயவில்தானோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது.

விருந்தாளிகள் விடைபெறத் தொடங்கியபோது பதில் வந்தது. அந்த ஓட்டுகளை நீக்கிவிட்டோம், இன்று மறுபடி ஏற்ற முடியாது. முன்னால் விழுந்தவை பல நாடுகளிலிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

"என்ன சொல்றாங்க?" என்றான் ட்ரிஃபோன்.

"மொதல்ல வந்தது நெசந்தானாம்."

வங்கிக்கு நீளமாகக் காரணம் எழுதத் தொடங்கினாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேலைக்கு வரவில்லை என்று ஒரே வரியில் அனுப்பினாள்.