பொன்னம்பலம் தவளை

என் மகள் ஆரணி ஒரு தவளைக்கு என் பெயரை வைக்கப்போகிறாள் என்று வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டொக்டருக்குப் படிக்கச் சொன்னால் தவளை பிடிக்கப் போய்விட்டாள் என்று ஆறு வருடமாக அவளைத் திட்டியவனும் நான்தான்.

நக்கிள்ஸ் மலையில் முகில் மூடிய காட்டில் கண்டுபிடித்தாள். கட்டைவிரல் அளவில் பச்சைத் தவளை, கண்ணிமைக்கு மேலே இரண்டு சின்ன முள். புதிய இனம் என்று அவள் எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையும் ஏற்றுக்கொண்டிருந்தது.

அச்சுக்குப் போக ஒரு கிழமை இருக்க, வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, அது புது இனம் இல்லை."

நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரன் இதே முள்ளோடு ஒரு தவளைக்குப் பெயர் வைத்திருக்கிறான். நிறம் சாம்பல், இடம் இலங்கை. அவ்வளவுதான் குறிப்பு, கூடவே சில படங்கள். பிறகு ஒருவரும் காணாததால் அழிந்த இனங்களோடு சேர்த்துவிட்டார்கள். சாம்பல் எங்கே, பச்சை எங்கே என்று இவளும் அதை விட்டுவிட்டாள். அன்றைக்கு ஆய்வுகூட அலுமாரியில், தான் முதன்முதல் பிடித்து, கெடாமல் இருக்க மதுசாரப் போத்தலில் போட்ட தவளையைப் பார்த்திருக்கிறாள். பச்சை போய்ச் சாம்பலாகக் கிடந்ததாம். வெள்ளைக்காரனும் இப்படிப் போத்தலில் கிடந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். பழைய படங்களோடு முள், விரல், சவ்வு எல்லாம் ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றுதான்.

"முதல் வைச்ச பேர்தான் நிக்கும், அப்பா."

"ஆருக்குத் தெரியப்போகுது, பிள்ளை? பேசாமல் இரன்," என்றேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபிக்கவில்லை. "செத்துப்போச்செண்டு எழுதிவைச்ச சீவன். இப்பவும் அங்கை இருந்து கத்துது. அதை நான் சொல்லாமல் விடலாமோ?"

ஆறு வருட உழைப்பு கைவிட்டுப் போயிருந்தது. ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். இவள் நான் பெற்ற பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேறை எங்கையும் இருக்கோ?"

போனில் மலையின் வரைபடத்தைக் காட்டினாள். உச்சியில் அவளுடைய சுண்டுவிரல் நகம் மறைத்த இடம். "உலகத்திலை இவ்வளவுதான்."

நான் அந்த நகத்தையே பார்த்தேன். "என்ர பேரை எடுத்துவிடு, பிள்ளை."

"எடுத்து அனுப்பிப்போட்டுத்தான் வந்தனான்," என்றாள். "உங்களுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியாமல்தான் ரெண்டு பஸ்ஸை விட்டனான்."