மழையில்லாத நாளில் ஒழுகிய கூரை

புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாடி அறைக் கூரையின் மூலையில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் கணக்கு நடத்தும்போதும் கண் கூரைக்கே போனது.

வீட்டை அவர்களே கட்டினார்கள். சுவர் கணவனின் கைவேலை. ஓடு வேய்ந்தது அவன் தம்பி. சாய்ந்த கூரையும் அதிலிருந்து துருத்திய மாடிச் சன்னலும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு பொந்து. குளிர் இறங்காமலிருக்க அதில் கண்ணாடி இழைப் பஞ்சு வைக்க வேண்டும். ஆண்கள் இருவருக்கும் தோள் நுழையவில்லை. ஒல்லிக்குச்சியான அவள்தான் ஊர்ந்து போய், இண்டு இடுக்கு விடாமல் திணித்துவிட்டு, உடம்பெல்லாம் அரிக்க வெளியே வந்து பெருமையடித்துக்கொண்டாள்.

கறையைப் பார்த்ததும் கணவன் தம்பியைத்தான் பிடித்தான். தம்பி இரண்டு முறை வந்து ஓடுகளைப் பிரித்துப் பார்த்தான். உடைசல் ஏதும் இல்லை என்றான். கணவன் நம்பாமல் போனில் வாய்க்கு வந்தபடி பேச, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று தம்பி போனை வைத்துவிட்டான். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

அந்த மூன்று வாரமும் மழையே இல்லை, வெறும் குளிர்தான். கறை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு சனிக்கிழமை காலை, கணவன் வெந்நீரில் குளித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. துணியைப் போட்டுவிட்டு டார்ச்சோடு பொந்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஆணி முனைகளெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தன. பஞ்சு தொப்பலாக நனைந்திருந்தது. காற்றோட்டத்துக்காகக் கொழுந்தன் கூரையோரம் விட்டிருந்த துளைகளை அவள் திணித்த பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. கீழே குளியலறைக் கூரையில் விளக்குக்கு வெட்டிய ஓட்டை வழியே வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. ஏறி வந்த ஆவி வெளியேற வழியில்லாமல் ஓட்டுக்கு அடியிலிருந்த குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகியிருந்தது.

பகல் முழுக்கச் சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக வீட்டைச் சுற்றி வந்தாள். சாயங்காலம் கணவன் வேறொரு கூரைக்காரரைக் கூப்பிடப் போனபோதுதான் தடுத்தாள்.

"வேணாங்க. ஓடு ஒழுகல. நான் அடைச்ச பஞ்சுதான் காரணம்."

அவன் பொந்துக்குள் தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மழையே இல்லாம கறை பெருசானப்ப, போன வாரமே சந்தேகம் வந்துச்சு. சொல்ல வாய் வரல."

அவளே கொழுந்தனுக்கு போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சரி அண்ணி. அண்ணன் கூப்பிடட்டும், வரேன்."

கணவன் போனை வாங்கி, குளிரைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில், "வாடா" என்றான்.

மறுநாள் தம்பி வந்தான். அவன் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் நனைந்த பஞ்சைப் பிடுங்கியெறிந்தாள். புதுப் பஞ்சுக்கும் கூரைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, துளைகளைத் திறந்து, விளக்கு ஓட்டையைச் சுற்றி ஆவி ஏறாத தாளை ஒட்டினாள். மூலை காய இரண்டு வாரமாகும் என்றான் தம்பி. சாப்பிடச் சொன்னதற்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

சன்னல் வழியே பார்த்தாள். அண்ணனும் தம்பியும் வேன் மேல் ஏணியை ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணவன் ஏதோ சொன்னான். தம்பி நிமிராமலே பதில் சொன்னான். என்ன பேசுகிறார்கள் என்று அவள் காதில் விழவில்லை. இறங்கிப் போவதா வேண்டாமா என்று படியில் இரண்டு எட்டு வைத்தவள், அங்கேயே நின்றுகொண்டாள்.