நரம்புக்குள் ஒரு சொட்டுப் பசை

காளியம்மாவின் வலது காலில் நரம்புகள் மண்புழுக்களாய் நெளிந்திருந்தன. கணுக்கால் தோல் கறுத்து வெடித்து, மஞ்சளாய் நீர் கசிந்தது.

துடைத்துவிட்ட நர்ஸ் சாந்தினிக்குக் குமட்டவில்லை. பதினோரு வருடமாக இதைவிட மோசமானதையெல்லாம் துடைத்தவள். அவளுக்குக் குமட்டியது, எதிரே நின்ற ரூபேந்திரனின் சிரிப்பைப் பார்த்துத்தான். ஜொகூர் பாருவின் அந்தக் கிளினிக்கில் அவன் டாக்டர் அல்ல. சிகிச்சை பேக்கேஜ் விற்பவன்.

“லேசர்னா உள்ள வயர் விட்டு நரம்பைச் சுடுவாங்க ஆன்ட்டி. ரேடியோ அலையும் சூடுதான், வலி கொஞ்சம் கம்மி. ரெண்டுக்கும் மரத்துப்போக தொடையெல்லாம் பத்துப் பன்னெண்டு ஊசி! நுரை மருந்து மலிவு, ஆனா பெரிய நரம்பு திரும்பத் திறந்துக்கலாம். பசைன்னா ஒரே ஊசி. நரம்பை ஒட்டிருவோம். மறுநாளே வேலைக்குப் போலாம்லா!”

மறுநாளே. மூவார் ஊரின் நாற்காலித் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சிகிச்சை அறையில் படுக்கவைத்து, நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப்பை மாட்ட விரலைக் கேட்டாள் சாந்தினி. காளியம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“காதுல மாட்டும்மா.”

“கையைக் குடுங்கக்கா.”

பிடித்து இழுத்தாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம் வெடித்துச் செதில் செதிலாய். இரண்டு நகங்கள் பாதி கழன்றிருந்தன.

“என்னக்கா இது?”

“ஷ்ஷ்! பெக்டரி பசை. தொட்டதும் ஒட்டுமே, அது. எனக்கு ஒத்துக்கல.”

“பாரத்துல அலர்ஜி இல்லன்னு எழுதியிருக்கீங்க!”

“பின்ன? பெக்டரி கிளினிக்ல எது சொன்னாலும் சாயந்தரத்துக்குள்ள ஆபீசுக்குப் போயிரும். பசை செக்சன்லேருந்து தூக்கிருவாங்க, அந்தக் கூலி போயிரும்.”

“இது உங்க பெக்டரி கிளினிக் இல்லக்கா.”

“எல்லா கிளினிக்கும் ஒன்னுதான்மா.”

நரம்புக்குள் விடப்போவதும் அதே இனத்துப் பசை. விரலில் பட்டதைக் கழுவலாம். உள்ளே போனதை?

சாந்தினி வாசலில் நின்ற ரூபேந்திரனிடம் ஓடினாள். சொன்னாள்.

“மிஸ்ஸி, இது மெடிக்கல் பசைலா. பசைப் பெட்டியும் உடைச்சாச்சு, இனி திருப்பிக் குடுக்க முடியாது.” குரலைத் தாழ்த்தினான். “ஆன்ட்டி கையில கிளவுஸ் மாட்டிவிடு. டாக்டர் கண்ணுல பட வேணாம்.”

சாந்தினி கிளவுஸைத் தொடவில்லை. சீ! இவனும் மனுசனா?

கதவு திறந்தே இருந்தது. காளியம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

டாக்டர் மதிவாணன் உள்ளே வந்தார். “ஆரம்பிக்கலாமா?”

காளியம்மா ரூபேந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போர்வையை உதறிவிட்டு இரண்டு கைகளையும் டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எனக்குப் பசை ஆகாது டாக்டர். பாரத்துல பொய் எழுதிட்டேன்.”

டாக்டர் அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்தார். பசைத் தட்டை ஒதுக்கித் தள்ளினார்.

“ரேடியோ மெஷினை எடுங்க சாந்தினி. அம்மா, ஊசி பத்துக்கு மேல ஆகும். அப்புறம் இறுக்கமான காலுறை போடணும். சம்மதமா?”

“குத்துங்க.”

முதல் ஊசி தொடையில் இறங்கியது. காளியம்மா பல்லைக் கடித்தபடி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கதவோரம் நின்றவனைப் பார்த்துத்தான்.